பூஜ்யம் ஆனதுக்கு அப்புறம்

குடிப்பானான்னு கேட்டீங்க. குடிக்க மாட்டானுங்க. சிகரெட்டும் கிடையாது. பொம்பளைப் பிள்ளைங்ககிட்ட மரியாதையாத்தான் பேசுவான். அந்த மாதிரி ஏதாவது ஒரு குறை இருந்திருந்தா நானே கண்டிச்சிருப்பேன், அவனும் திருந்தியிருப்பான். இவன் விஷயம் வேறங்க. சொன்னா கேக்க மாட்டான். யார் சொன்னாலும் கேக்க மாட்டான்.

உக்காருங்க சார். தம்பி பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கறோம், பையனைப் பத்தி விசாரிக்கணும்னு திண்டுக்கல்லுல இருந்து கோயமுத்தூருக்கு பஸ் ஏறி வந்திருக்கீங்க. அப்பா இல்லாத பொண்ணுங்கறீங்க. உங்களை மழுப்பி அனுப்ப எனக்கு மனசு வரலை. நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன், நீங்களே முடிவு பண்ணிக்குங்க. காபி எடுத்துக்குங்க. உள்ள எங்க வீட்டுக்காரர் பேப்பர் படிச்சிட்டிருக்கார். போறப்ப அவர்கிட்ட ஒண்ணும் கேட்டுறாதீங்க. அவர் அந்தப் பையன் கட்சி.

தவச்செல்வன் என்கிட்ட ரெண்டு வருஷம் வேலை பார்த்தான். எங்க கம்பெனி ஆஸ்பத்திரிக்கு மானிட்டர் செய்யறதுங்க. ஐ.சி.யு.ல கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பெட்டி இருக்குமே, நெஞ்சுத் துடிப்பு பச்சைக் கோடா நெளிஞ்சு ஓடும், ஓரத்துல நம்பர் வரும், துடிப்பு இறங்கினா கீ கீன்னு கத்தும். அந்தப் பெட்டிதான். அதுக்குள்ள மத்த எல்லா புரோகிராமையும் தாங்கிட்டு அடியில ஒண்ணு ஓடும், ஆபரேட்டிங் சிஸ்டம்பாங்க. அதை எழுதினது நான். வெளியில வாங்கி ஒட்டினது இல்லைங்க, முதல் வரியில இருந்து நானே எழுதினது. என் பெரியவன் வயித்துல இருக்கறப்ப ஆரம்பிச்சேன், அவன் இப்ப காலேஜ் போறான். இத்தனை வருஷத்துல பாமா மேடம் எழுதினது நின்னு போச்சுன்னு ஒரு ஆஸ்பத்திரியில இருந்து ஒரு ஃபோன் வந்ததில்லை. அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு மீதியைக் கேளுங்க.

போன வருஷம் புது மாடல் கொண்டு வந்தோம். பழைய பெட்டியில ஒரே ஒரு மூளை. புதுசுல நாலு மூளை, நாலும் ஒரே நேரத்துல வேலை செய்யும். பெரிய திரை, நல்ல வேகம், எல்லாம் அம்சமா இருந்துச்சு. டெஸ்ட் பண்றப்ப மட்டும் எப்பவாவது ஒரு பெட்டி உறைஞ்சு நின்னுரும். கோடு ஓடாது, நம்பர் மாறாது, படம் அப்படியே நிக்கும். அணைச்சுப் போட்டா சரியாயிரும். வயர் லூசுன்னு ஒருத்தர் சொன்னார். கரண்ட் ஏறி இறங்குதுன்னு ஒருத்தர். கோவிச்சுக்காதீங்க, நீங்க ஈ.பி.யில இருந்து ரிட்டயர் ஆனவர், இங்க எது கெட்டாலும் பழி முதல்ல உங்க ஆளுங்க மேலதான் விழும்.

எல்லாரும் வயருன்னு ஒத்துக்கிட்டாச்சு. இவன் மட்டும் ஒத்துக்கலை. என் ரூமுக்கு வந்து, மேடம் ஒரு விஷயம் காட்டணும்னான். நான் வேலையா இருந்தேன். அப்புறம் ஒரு நாள் வந்தான், அன்னிக்கும் எனக்கு மீட்டிங். இன்னொரு தடவையும் வந்தான்னு நினைக்கிறேன். அதுக்குள்ள பொறுமை இல்லை அவனுக்கு. வாராவாரம் நடக்கற மீட்டிங்ல எம்.டி.யை வெச்சுக்கிட்டு, டீம் மொத்தமும் உக்காந்திருக்கறப்ப, தப்பு வயர்ல இல்லை, அடியில ஓடற புரோகிராம் கோட்லதான்னு சொல்லிட்டான். அடியில இருக்கறதுன்னா யாரோடது? என்னோடது. ஒருத்தர்கிட்ட குறை சொல்லணும்னா தனியா வந்து சொல்லணும்ங்கற நாகரிகம் வேண்டாமா?

என்ன குறைன்னு கேக்கறீங்க. சொல்றேன், ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. ஒரு நோயாளியோட துடிப்பு விவரத்தை மெமரியில ஒரு இடத்துல வெச்சிருப்போம். திரையில வரையற புரோகிராம் அங்க வந்து பார்க்கும். அலாரம் அடிக்கறது வந்து பார்க்கும். நர்ஸ் மேஜைக்கு அனுப்பறதும் வரும். எல்லாம் ஒரே நேரத்துல. அந்த இடத்தை யார் எடுத்தாலும் ஒரு எண்ணிக்கையில ஒண்ணு கூட்டணும். வேலை முடிஞ்சு விட்டா ஒண்ணு கழிக்கணும். பூஜ்யம் ஆச்சுன்னா அங்க யாரும் இல்லைன்னு அர்த்தம். அந்த இடத்தைக் கலைச்சு வேற வேலைக்குக் குடுத்துரலாம். ரெஃபரன்ஸ் கவுண்ட்னு பேரு.

ஆமாங்க, அதேதான். நீங்க சொல்ற அந்த எல்.சி. மாதிரியேதான். கம்பத்துல ஏறி வேலை செய்யறதுக்கு சப்-ஸ்டேஷன்ல லைனை நிறுத்தி வாங்கற அனுமதி. மூணு கேங் ஏறியிருந்தா மூணு எல்.சி., மூணும் திரும்பி வந்தாத்தான் ஸ்விட்சைப் போடணும். பார்த்தீங்களா, உங்களுக்குச் சட்டுனு புரியுது. எங்க எம்.டி.க்கு இன்னி வரைக்கும் புரியலை.

இதுல என்ன ஆச்சுன்னா, ஒரு மூளை இருந்தப்ப ஒருத்தர் வேலை முடியாம அடுத்தவர் வர முடியாது. அதனால நான் எண்ணைப் படிக்கறது, மாத்தறது, பூஜ்யமான்னு பார்க்கறதுன்னு தனித்தனியாத்தான் எழுதியிருந்தேன். அன்னிக்கு அது சரி. நாலு மூளை வந்தா நடுவுல வேறொருத்தர் பூந்துடறார். ரெண்டு பேரும் ஒரே எண்ணைப் படிச்சு, ஆளுக்கு ஒண்ணு கூட்டி, ரெண்டு பேரும் ஒரே விடையை எழுதிட்டா? ரெண்டு பேர் உள்ள இருக்காங்க, கணக்குல ஒருத்தர்தான். அவர் வெளிய போனதும் பூஜ்யம் காட்டும். உள்ள இன்னொருத்தர் இருக்கறப்பவே இடத்தைக் கலைச்சுருவாங்க. அப்பத்தான் பெட்டி உறைஞ்சு நின்னுரும்.

இதை அவன் சொன்னதும் எனக்குப் புரிஞ்சுச்சு. புரியாம இல்லை. அவனை மாத்த விடலை. நானே உக்காந்து மாத்தினேன். எல்லாத்தையும் ஒரே அடியில, நடுவுல யாரும் கை வைக்க முடியாதபடி பண்ணினேன். பெட்டி நிக்கறது குறைஞ்சுச்சு. அப்படிக் குறைஞ்சுச்சு, நாள் பூரா ஓட்டினாலும் வரலை. முடிஞ்சுதுன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன். வேற ஒருத்தனா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? தேங்க்ஸ் மேடம்னு சொல்லிட்டுப் போயிருப்பான். இவன் வந்து என்ன சொன்னான் தெரியுங்களா?

"குறைஞ்சது நல்லதுக்கு இல்லை மேடம். இனிமே நம்ம டெஸ்ட்ல வராது. ஆஸ்பத்திரியில வரும்."

வாயைப் பாருங்க. ஆஸ்பத்திரியில வருமாம்.

இன்னொரு ஓட்டை இருக்குங்கறான். எண்ணறது சரியா இருக்கு, எண்ண ஆரம்பிக்கற இடம் தப்புங்கறான். எப்படின்னா, உங்க எல்.சி.யிலயே சொல்றேன், உங்களுக்குச் சுலபம். சப்-ஸ்டேஷன்ல ரெண்டு ஆபரேட்டர் இருக்காங்கன்னு வெச்சுக்குங்க. ஒரு கேங் ஃபோன்ல எல்.சி. கேக்குது. ஒருத்தர், லைன் ஆஃப்லதான் இருக்கு ஏறுங்கன்னு சொல்லிடறார். கணக்குல இன்னும் ஏத்தலை. ஏத்தறதுக்குள்ள கடைசி எல்.சி. திரும்பி வந்திருச்சுன்னு இன்னொருத்தர் ஸ்விட்சைப் போட்டுடறார். இவர் அதுக்கு அப்புறம் சாவகாசமா ஒண்ணுன்னு ஏத்தறார். கணக்கு என்னவோ ஒண்ணுதான் காட்டும். ஆனா அந்த ஒண்ணுக்கு அர்த்தம் கிடையாது. பூஜ்யம் ஆனதுக்கு அப்புறம் ஏத்தவே கூடாது, இடம் போயிருச்சு, கிடையாதுன்னு திருப்பி அனுப்பணும். ஏறச் சொல்றதும் கணக்குல ஏத்தறதும் ஒரே பூட்டுக்குள்ள நடக்கணும். இதான் அவன் சொன்னது.

கொலையா? அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார். உங்க லைன்ல நடந்தா கொலைதான், ஒத்துக்கறேன். இது மெமரி. ரெண்டையும் ஒண்ணாப் பார்க்கக் கூடாது.

அவன் சொன்னது தப்புன்னு நான் சொல்லலை. நேரம் இருந்ததான்னு பாருங்க. அந்தப் பூட்டைப் போடணும்னா புரோகிராம் நெடுக மாத்தணும், எல்லா டெஸ்டையும் மறுபடி முதல்ல இருந்து ஓட்டணும். திருப்பூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு, பேர் வேண்டாம், முதல் தவணைப் பெட்டிகளை ட்ரையலுக்கு அனுப்பறதா எம்.டி. வாக்குக் குடுத்தாச்சு. லாரி ஏத்தற சமயம். நான் சொன்னேன், தவச்செல்வா, அடுத்த வெர்ஷன்ல பார்த்துக்கலாம். பேசாம நின்னதைப் பார்த்து நானும் ஒத்துக்கிட்டான்னு நினைச்சேன். பெட்டிகளை அங்க கொண்டு போய் மாட்டறதுக்கு யாரை அனுப்பறதுன்னு வந்தப்ப அவனே போறேன்னான். நல்ல பையன்தான்னு அன்னிக்கு நினைச்சுட்டேன். அந்த ஏமாளித்தனத்தை நினைச்சா இப்பவும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

மாட்டி ரெண்டு வாரம் இருக்கும். மரியாதைக்குப் பார்த்துட்டு வரலாம்னு எம்.டி.யும் நானும் போனோம். பெரிய டாக்டரே கூட வந்து ஐ.சி.யு.வைச் சுத்திக் காட்டினார். நான் நிமிர்ந்து பார்க்கறேன், என் மானிட்டர் ஒவ்வொண்ணுலயும், அந்த அழகான முகப்புல, திரைக்குக் கீழ ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருக்கு. நீட்டா பிரிண்ட் எடுத்து, மேல டேப் போட்டு ஒட்டியிருக்கான். என்ன எழுதியிருக்குங்கறீங்க? எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு.

"மூலையில் உள்ள கடிகாரம் நின்றிருந்தால் திரையில் தெரியும் எண்களை நம்ப வேண்டாம். நோயாளியின் கையைப் பிடித்துப் பாருங்கள்."

எங்க பெட்டியில! எங்க கம்பெனி பேருக்கு நேர் கீழ! எம்.டி. மூஞ்சி செத்துப் போச்சு. டாக்டர் சிரிச்சுக்கிட்டே, உங்க பையன்தான் ஒட்டினார், எல்லா ஷிஃப்ட் நர்ஸுக்கும் உக்கார வெச்சு சொல்லியும் குடுத்தார், ரொம்பப் பொறுப்பான பையன்ங்கறார். நான் என்னத்தைச் சொல்ல? ஆமாங்க டாக்டர்னேன். ரெண்டு பேரும் அந்தப் பக்கம் நகர்ந்ததும் ஒவ்வொரு கட்டிலா போய் நகத்தால சுரண்டி சுரண்டி எடுத்தேன். டேப் பசை விடலை. என் ஹேண்ட்பேக் பூரா காகிதம்.

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன், யாரைக் கேட்டு ஒட்டினேன்னு. கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான். பயம்னு சொல்ல முடியாது, திமிர்னும் சொல்ல முடியாது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"பெட்டி போறதை என்னால நிறுத்த முடியலை மேடம். பெட்டியை நம்பறதையாவது நிறுத்தலாம்னு பார்த்தேன்" அப்படிங்கறான்.

நம்பறதை நிறுத்தறானாம். மானிட்டர் வாங்கறதே நம்பறதுக்குத்தானேங்க? நம்ப வேண்டாம்னு எழுதி ஒட்டினா எவன் வாங்குவான்? இந்தச் சின்ன விஷயம் புரியாதவன் நாளைக்கு ஒரு குடும்பம் எப்படி நடத்துவான்? யோசிச்சுப் பாருங்க.

கடைசி வார்னிங் குடுத்து அனுப்பினேன். அதுக்கு அடுத்த வாரமே வந்துச்சு வினை. நெஞ்சு ஆபரேஷன் பண்ணின ஒரு அம்மா, வயசானவங்க, அந்த ஐ.சி.யு.ல இருந்திருக்காங்க. திரையில எழுபத்திரெண்டு காட்டுது. நல்ல நம்பர், அலாரமும் இல்லை. சாயங்கால ட்யூட்டிக்கு வந்த நர்ஸ் பொண்ணு, ஃபெமினான்னு பேரு, எல்லா பெட்டியையும் ஒரு பார்வை பார்த்துட்டே வந்தவ இங்க நின்னுட்டா. கடிகாரம் ஓடலை. காகிதம் இல்லைங்க, அதைத்தான் நான் எடுத்துட்டேனே. ஆனா இவன் அவ மண்டையில ஏத்தி வெச்சிருக்கான். உடனே அந்த அம்மா கையைப் பிடிச்சுப் பார்த்திருக்கா. நாடி அடங்கிட்டு வருது. கத்தி டாக்டரைக் கூப்பிட்டு, நெஞ்சை அமுக்கி, ஊசி போட்டு, என்னென்னமோ பண்ணியிருக்காங்க. திரையில மட்டும் எழுபத்திரெண்டு.

அந்த அம்மா பிழைச்சுட்டாங்க. எனக்கும் சந்தோஷம்தான், நான் என்ன ராட்சசியா? அவங்க வீட்டுக்குத் திரும்பிப் போனாங்கன்னு கேட்டப்ப சாமிக்கு ஒரு விளக்கு கூட ஏத்தினேன். ஆனா விஷயம் அது இல்லை. அந்த நர்ஸ் சும்மா இருந்திருக்கலாம். எப்படிக் கண்டுபிடிச்சேன்னு டாக்டர் கேட்டதுக்கு, கம்பெனிக்காரரே சொல்லிட்டுப் போனார், இப்படி நிக்கும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும்னு சொல்லிட்டா. முன்னாடியே தெரியும்! அந்த ஒரு வார்த்தை போதாதா? மறுநாளே அத்தனை பெட்டியும் லாரியில திரும்பி வந்து எங்க வாசல்ல நிக்குது. அந்த டாக்டர் என்கிட்ட ஃபோன்ல பேசினதை என் புருஷன்கிட்ட கூட நான் முழுசாச் சொன்னதில்லை. தெரிஞ்சே அனுப்பினீங்களாம்மான்னு கேட்டார். நாங்க தெரிஞ்சா அனுப்பினோம்? எப்பவாவது வரலாம்னு ஒரு பையன் சொன்னான், அவ்வளவுதானே தெரியும்?

எம்.டி. ஆடிப்போயிட்டார். யாரோ ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும்னார். நான் இவனைக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடு, வேலையைக் காப்பாத்தித் தர்றேன்னு சொன்னேன். சத்தியமா அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

"கேக்காம ஒட்டினதுக்கு மன்னிப்புக் கேக்கறேன் மேடம். ஒட்டினதுக்குக் கேக்க மாட்டேன்" அப்படின்னான்.

ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்? இப்படியா ஒருத்தன் வார்த்தையை நூல் பிடிச்சு அளந்து பேசுவான்? நாளைக்கு உங்க தம்பி பொண்ணு, குழம்புல உப்பு எப்படின்னு கேட்டா ஒரு தடவையாவது பரவாயில்லைன்னு சொல்வானா? மாட்டான். கம்மின்னா கம்மின்னுதான் சொல்வான். அன்னிக்கே அவனை வேலையை விட்டு அனுப்பிட்டோம். அனுப்பினது நான்தான், எம்.டி. இல்லை, என் கையெழுத்துதான். அதுல எனக்கு ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லை.

போறப்ப என் ரூம் வாசல்ல வந்து நின்னான். அழுவான்னு நினைச்சேன். ரெண்டாவது ஓட்டைக்கு மாத்தம் எழுதி வெச்சிருக்கேன் மேடம், நீங்க பார்க்காம யாரும் போட்டுற வேண்டாம், இந்தக் கோடு உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாதுன்னு சொன்னான். வேலையை விட்டுப் போறவன் எனக்கு வேலை சொல்லிட்டுப் போறான். என்ன தைரியம் பாருங்க.

பார்த்தேன். ஏன் பார்க்க மாட்டேன்? தீபாவளி லீவு பூரா அதைத்தான் பார்த்தேன். பலகாரம் கூட கடையிலதான் வாங்கினோம். அவன் எழுதினதுல ஒரே ஒரு ஓட்டை, சின்னதா ஒண்ணு கண்டுபிடிச்சுட்டா எனக்குத் தூக்கம் வந்திருக்கும். ரெண்டு மூளை ஒரே நேரத்துல வந்தா என்ன ஆகும், மூணு வந்தா என்ன ஆகும், கடைசி ஆள் விடற நேரத்துல புதுசா ஒருத்தர் கேட்டா என்ன ஆகும், எல்லாம் பேப்பர்ல போட்டுப் போட்டுப் பார்த்தேன். பூஜ்யம் ஆகியிருந்தா ஏத்தாம திருப்பி அனுப்புது. பூட்டுக்குள்ளயே எடுத்து, பூட்டுக்குள்ளயே எண்ணி, அப்புறம்தான் வெளிய விடுது. கிடைக்கலைங்க. ஒரு ஓட்டை கூடக் கிடைக்கலை. எவ்வளவு கடுப்பா இருக்கும் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் வேற, போதும் பாமா, அவன் சரியாத்தான் எழுதியிருக்கான்ங்கறார். இவருக்கு என்ன தெரியும்? இவர் காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுத்தவர்.

இப்ப எங்க பெட்டியில ஓடறது அதுதான். இப்ப நிக்கறதில்லை. திருப்பூர் ஆஸ்பத்திரிக்கே மறுபடி போயிருக்கு. நல்ல மானிட்டர்னு எல்லாரும் சொல்றாங்க, என்னைத்தான் பாராட்டறாங்க. நானும் வாயை மூடிட்டுக் கேட்டுக்கறேன். வேற என்ன பண்றது? ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் இது தவச்செல்வன் எழுதினதுன்னு சொல்லிட்டிருக்க முடியுமா?

என்ன சார் எழுந்துட்டீங்க? பஸ்ஸுக்கு நேரம் ஆயிருச்சா? நான் சொன்னதெல்லாம் மனசுல வெச்சுக்குங்க. பிடிவாதம். பெரியவங்கன்னு பார்க்கறதில்லை. வேலை போனாலும் பரவாயில்லைன்னு நிக்கறவன். ஓசூர்ல இப்ப வேற இடத்துல சேர்ந்திருக்கானாம், அங்கயும் எத்தனை நாளைக்கோ. சிரிக்கறீங்க. நான் சொல்றதுல சிரிக்கறதுக்கு என்ன இருக்கு?

என்னது? என் அட்ரஸை உங்களுக்குக் குடுத்தது அவனா?

அவனேவா குடுத்தான்? என்ன சொல்லிக் குடுத்தான்? இல்லை, அவன் வார்த்தையிலயே சொல்லுங்க சார், எனக்குத் தெரியணும்.

"பாமா மேடத்துகிட்ட கேளுங்க. என் மேல ரொம்பக் கோவமா இருப்பாங்க. ஆனா நடந்ததுல ஒரு வார்த்தையை மாத்திச் சொல்ல மாட்டாங்க."

அப்படியா சொன்னான்.

வேற யாருமே கிடைக்கலையா அவனுக்கு? கூட வேலை பார்த்தவங்க அத்தனை பேர் இருக்காங்க, அவனைத் தலையில தூக்கி வெச்சு ஆடுவாங்க. நான் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா இந்தச் சம்பந்தம் இன்னியோட முடிஞ்சு போயிருக்கும். உங்களுக்கு எப்படித் தெரியப் போகுது? யார்கிட்டப் போய்ச் சரி பார்ப்பீங்க? அவன் வாழ்க்கையைக் கொண்டு வந்து என் கையில குடுத்து அனுப்பியிருக்கான். என்ன நினைச்சுக்கிட்டிருக்கான் என்னைப் பத்தி? வேலையை விட்டுத் துரத்தினவ நான்.

இல்லைங்க, ஒண்ணும் இல்லை. கண்ணுல தூசி.

செருப்பு அந்தப் பக்கம் இருக்கு பாருங்க. கல்யாணம் தையிலயா? சரி. அவன்கிட்ட நான் சொன்னதா ஒண்ணு சொல்லணும். எனக்குப் பத்திரிகை வைக்கணும். தபால்ல அனுப்பற வேலையெல்லாம் வேண்டாம், அவனே இங்க வந்து, இந்தச் சோபாவுல உக்காந்து, கையில குடுக்கணும். நான் கல்யாணத்துக்கு வர மாட்டேன். ஆனா பத்திரிகை வைக்கணும்.